இருவரும் கையெழுத்து வைக்கும் படிவம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை காலை நீ போன் எடுத்தபோது நான் வீட்டு முன்னால் காரைக் கழுவிக்கொண்டு நின்றேன். உனக்கு அங்கே டல்லாஸில் சனிக்கிழமை பின்னேரம். நிவேதா கடைக்குப் போயிருக்கிறாள், வர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றாய். அம்மாவைக் கேட்டாய், தங்கச்சியின் வேலையைப் பற்றிக் கேட்டாய், பிறகு சாதாரணமாக, "அப்பா, நீங்கள் வருசா வருசம் டாக்ஸ் நிரப்பிற ஆள்தானே, ஒரு விசயம் கேக்கட்டோ" என்றாய். நான் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு வீட்டுப் படியில் இருந்தேன். நீ சொன்னதை எல்லாம் கேட்டேன். கடைசியில் "ம்ம்" என்றேன். அந்த "ம்ம்" ஐந்து நாளாக என்னை விடவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் எழுதிவிடுகிறேன். உன் சம்பளத்தில் ஒரு பகுதி, வரி பிடிக்கப்பட முன்பே, ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட் என்ற ஒரு கணக்குக்குப் போகிறது. வைத்தியச் செலவுக்கு அதிலிருந்து எடுத்தால் வரி இல்லை. வேறு எதற்கும் எடுத்தால், எடுத்த தொகையை வருமானமாகக் காட்டவேண்டும், அதற்கு மேல் தண்டமாக இன்னும் ஒரு பங்கு கட்டவேண்டும். போன வருடம் உங்கள் கல்யாணத்துக்கு மண்டபக் காசில் பாதியை நீ போடுவதாக நிவேதாவின் அப்பாவிடம் கோயம்புத்தூருக்கு நீயே போன் எடுத்துச் சொல்லியிருந்தாய். கையில் அவ்வளவு இருக்கவில்லை. அந்தக் கணக்கில் இருந்ததை எடுத்துக் கட்டிவிட்டாய். இப்போது வரிப் படிவத்தோடு சேர்க்கவேண்டிய தனித்தாள் ஒன்று கேட்கிறது: எடுத்த தொகை எவ்வளவு, அதில் வைத்தியத்துக்குப் போனது எவ்வளவு.

"முழுவதையும் வைத்தியம் எண்டு போடப்போறன் அப்பா. ரசீது ஒண்டும் அனுப்பத் தேவையில்லை. ஒரு பெட்டிக்குள்ள ஒரு நம்பர், அவ்வளவுதான்," என்றாய். நீ இங்கிலிஷில் சொன்னாய். நான் என் பாஷையில் எழுதுகிறேன். நான் "நிவேதாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "அவளுக்கு நான் சேமிச்ச காசு எண்டுதான் சொன்னனான். இந்த வருசம் ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே படிவம். அவள் பாக்கமாட்டாள், கையெழுத்து வைப்பாள்," என்றாய். எனக்கு ஒரு கதை சொல்ல இருந்தது. சொல்லாமல், கார் காயுது, துடைக்கவேணும் என்று போனை வைத்துவிட்டேன்.

இந்தக் கதையை உனக்கும் தங்கச்சிக்கும் நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ, ஆனா உங்களுக்குப் பூச்சுப் பூசாமல் எழுதுங்கோ," என்றாள்.

நீ ஆறாம் வகுப்பில் படித்த வருடம் இங்கே ரோவில் பக்கம் நாலு அறை வீடு வாங்கினோம். உனக்கு அது நினைவிருக்கும். உன் அறைக்குத் தனிக் குளியலறை இருந்தது. உன் நண்பர்கள் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு அந்த வீடு வேண்டாம். இரண்டு தெரு தள்ளி மூன்று அறையில் ஒரு பழைய வீடு விற்பனைக்கு இருந்தது, அது போதும் என்றாள். வட்டி ஏறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவள் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவள், எதையும் இரண்டு தரம் அளந்து பார்க்கிற ஆள். நான் தண்ணீர்ப் பம்பி செய்யும் கொம்பனியில் வரைபடம் போடுகிற என்ஜினியர். என் கூட்டாளிகள் எல்லோரும் நாலு அறை வீட்டில் இருந்தார்கள். எனக்கு வேறு காரணம் இருந்ததாக இப்போது யோசித்தும் தெரியவில்லை. "வட்டி ஏறாது, ஏறினாலும் நான் பாக்கிறன்" என்றேன். அம்மா பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வட்டி ஏறியது. ஒரு தரம் இல்லை, அடுத்தடுத்து ஏறியது. மாதா மாதம் வங்கிக்குப் போகிற தொகை கூடக் கூட, நான் எங்கே குறைக்கலாம் என்று பார்த்தேன். அம்மாவிடம் போய் "நீ சொன்னது சரி" என்று சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன். நாங்கள் நாலு பேருக்கும் தனியார் ஆஸ்பத்திரிக் காப்புறுதி வைத்திருந்தோம். ஒருவருக்கும் ஒரு நோய் வருத்தமும் இல்லை. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலையிடத்துக் கார் பார்க்கில் இருந்துகொண்டு போன் எடுத்து அதை நிறுத்தினேன். நாலு நிமிடமும் எடுக்கவில்லை. காப்புறுதி அட்டையை மட்டும் பர்ஸிலேயே விட்டுவைத்தேன்.

வரிக்காலம் வந்தது. இந்த நாட்டில், ஓரளவுக்கு மேல் உழைக்கிற குடும்பம் தனியார் காப்புறுதி வைத்திருக்காவிட்டால், பொது வைத்தியத்துக்கென்று எல்லோரும் கட்டுகிற மெடிகெயார் வரிக்கு மேல் இன்னொரு மேல்வரி கட்டவேண்டும் என்பது உனக்குத் தெரியும். அப்போது நியூஸ் ஏஜென்சியில் போய் எடுத்துவரும் தடித்த புத்தகப் படிவம். அதில் ஒரு கேள்வி: நீங்களும் உங்கள் துணையும் பிள்ளைகளும் வருடம் முழுவதும் ஆஸ்பத்திரிக் காப்புறுதி வைத்திருந்தீர்களா? நான் பேனையோடு கொஞ்ச நேரம் இருந்தேன். "இல்லை" என்று போட்டால் மேல்வரி வரும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த மேல்வரி வரி அலுவலகத்திலிருந்து அம்மாவின் பேரில் வருகிற கணிப்புத் தாளிலும் அச்சாகி வரும், அவள் என்னவென்று கேட்பாள். நான் "ஆம்" என்பதற்கு நேரே புள்ளடி போட்டேன். என்னுடையதில் போட்டுவிட்டு, அம்மாவின் படிவத்தை எடுத்து அதிலும் போட்டேன். அவளுடைய படிவத்தையும் அந்த நாட்களில் நான்தான் நிரப்புவேன். அவள் குசினியில் நின்று மா குழைத்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "எங்க வைக்கவேணும்?" என்று கேட்டாள். விரலால் காட்டினேன். வைத்தாள். திரும்பிப் போய் மாவைக் குழைத்தாள்.

அடுத்த வருடம் தை மாதம் போல அம்மாவுக்கு வயிற்று வலி தொடங்கியது. சாப்பிட்ட பிறகு வலது பக்கம் பிடித்து இழுக்கும், முதுகுக்குப் போகும். வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்தாள். ஸ்கேன் எடுத்த பிறகு பித்தப்பையில் கல்லு என்று தெரிந்தது. குடும்ப டொக்டர் ஒரு சத்திர சிகிச்சை நிபுணருக்குக் கடிதம் தந்தார். "பிரைவேட் கவர் இருக்குத்தானே? அப்ப ரெண்டு கிழமைக்குள்ள எடுத்துவிடலாம்," என்றார். அம்மா "ஓம் டொக்டர், இருக்கு" என்றாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

மறுநாளே வேலையிடத்திலிருந்து காப்புறுதிக்காரருக்குப் போன் எடுத்தேன். திரும்பச் சேரலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கிற வருத்தத்துக்குப் பன்னிரண்டு மாதம் காத்திருக்கவேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நிபுணரைப் பார்க்க இன்னும் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தேன். மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்கலாம் என்பதற்கு ஒரு அளவு இல்லை, மகன். அட்டையைப் பார்த்து எண்ணை மட்டும் எழுதிக்கொள்வார்கள், பிறகு ஏதாவது செய்யலாம் என்றுகூட நினைத்தேன்.

நிபுணரைப் பார்க்கிற நாள் காலை பத்து மணிக்குக் காரில் போனோம். அம்மா வழமையாகக் காருக்குள் நிறையக் கதைப்பாள். அன்று கொஞ்சத் தூரம் பேசாமல் வந்துவிட்டு, "என்னப்பா, ஒண்டும் கதைக்கிறியள் இல்லை. எனக்கு ஏதும் சொல்லவேணுமோ?" என்றாள். "இல்லை, டிராஃபிக்தான்" என்றேன். ரோட்டில் பெரிதாக வாகனம் எதுவும் இல்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது, "காப்புறுதிக் காட் கொண்டு வந்தனீங்களோ? எல்லாம் சரிதானே?" என்று கேட்டாள். "ஓம், எல்லாம் சரி" என்றேன்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பிள்ளை அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரும்பவும் தட்டினாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், இந்தக் காப்புறுதி இப்போது நடைமுறையில் இல்லையே என்றாள். நான் மேசையைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையிடம், "சரி. பப்ளிக் ஆஸ்பத்திரி லிஸ்டில பேர் போடுறதெண்டால் நான் என்ன செய்யவேணும்?" என்று அமைதியாகக் கேட்டாள். அந்த அமைதி எனக்கு அன்று விளங்கவில்லை. அதிர்ச்சியில் இப்படி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது காரில், காப்புறுதியை நிறுத்தியதைச் சொன்னேன். அம்மா மூன்றே கேள்வி கேட்டாள். எப்ப நிப்பாட்டினீங்கள் என்றாள், போன வருசத்துக்கு முந்தின ஒக்டோபர் என்றேன். ஏன் என்றாள், வீட்டுக் கடன் என்றேன். பிள்ளையளுக்கும் இல்லையோ என்றாள், இல்லை என்றேன். "சரி, வீட்டை போவம்," என்றாள்.

காசு கொடுத்துத் தனியாரில் செய்ய எங்களிடம் வசதி இல்லை. பொதுப் பட்டியலில் பெயர் போட்டோம். அந்த மாதங்களில் அம்மா சோறும் அவித்த மரக்கறியுமாகச் சாப்பிட்டது உனக்கு நினைவிருக்கலாம். டயட் என்று உங்களுக்குச் சொன்னோம். வலி வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே நின்று "தண்ணி கொண்டு வரட்டோ?" என்று கேட்பேன். "வேண்டாம்" என்பாள். ஐந்தாவது மாதம் ஒரு நாள் மத்தியானம் வேலையிடத்தில் விழுந்துவிட்டாள். பித்தப்பையில் கிருமி பிடித்துக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. அம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அன்றுதான் உங்கள் இரண்டு பேரையும் பக்கத்து வீட்டு அன்ரி பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து, அங்கேயே சாப்பாடு தந்தார். நான் ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றேன். டொக்டர் வந்து, இன்றைக்கே வெட்டவேண்டும், தாமதித்தால் ஆபத்து என்றார்.

அது பொது ஆஸ்பத்திரி. ஐந்து நாள் வைத்திருந்தார்கள். பிலிப்பீன்ஸ் தாதி ஒருத்தி இருந்தாள், அம்மாவைத் தன் அக்காவைப் போலப் பார்த்தாள். வெளிக்கிடும் நாளில் எவ்வளவு கட்டவேண்டும் என்று மேசையில் போய்க் கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்கள். மருந்துத் துண்டைத் தந்து அனுப்பினார்கள். அந்த ஆஸ்பத்திரி நடப்பது எல்லோரும் கட்டுகிற வரியில். அந்த வரியைக் கட்டாமல் ஒளித்த ஒருவன், தன் மனைவியை அங்கிருந்து உயிரோடு கூட்டிக்கொண்டு போனான். கார் பார்க்கில் அம்மாவை ஏற்றி இருத்திவிட்டு, காரின் பின்பெட்டியைத் திறந்து பையை வைக்கிற சாட்டில் பின்னால் நின்று அழுதேன்.

இவ்வளவும் நடந்த பிறகும் நான் அம்மாவுக்கு முழுவதையும் சொல்லியிருக்கவில்லை. வரிப் படிவத்தில் இருந்த பொய்யை அவளாகத்தான் கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று கிழமை இருக்கும். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்து, "அப்ப, போன வருச டாக்ஸில அந்தக் கேள்விக்கு என்ன போட்டனீங்கள்?" என்றாள். "ஆம் எண்டு போட்டனான்," என்றேன். "என்ரையிலயும்?" என்றாள். "ஓம்." கையெழுத்து வைத்த தன் கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் நிப்பாட்டினது எனக்குக் கோவம் இல்லை. வீடு வாங்கினதும் கோவம் இல்லை. நான் பொய் சொல்லாத ஆள். என்னைக் கொண்டு, எனக்குத் தெரியாமல், ஒரு பொய்யில கையெழுத்து வைப்பிச்சிட்டீங்கள்."

கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றே இரண்டு கடிதம் எழுதினோம், ஆளுக்கு ஒன்று, எங்கள் படிவத்தில் பிழை இருக்கிறது, திருத்துங்கள் என்று. அவளுடையதை அவளே எழுதினாள். கணவர் பிழை விட்டார் என்று எழுதுவாள் என நினைத்தேன். "நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன்" என்றுதான் எழுதியிருந்தாள். மேல்வரியும் வட்டியும் வந்தன. நாங்களாகவே சொன்னபடியால் பெரிய தண்டம் இல்லை. அடுத்த வருடம் அந்த வீட்டை விற்றோம். நீ ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது சின்ன வீட்டுக்கு மாறியது பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட என்பதற்காக என்று உனக்குச் சொன்னேன். அது உண்மை இல்லை. அந்தக் குளியலறைக்காக நீ ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நான் அதையும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அம்மா தன் படிவத்தைத் தானே நிரப்புகிறாள். என்னுடையதையும் வாங்கி வாசித்துவிட்டுத்தான் தருவாள். என்னை அவள் திரும்ப நம்பத் தொடங்க எத்தனை வருடம் எடுத்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் காலையில் வங்கிக் கடிதம் ஒன்றைப் பிரிக்காமல் என்னிடம் தந்து, "நீங்கள் பாருங்கோ" என்றாள். அந்த நாள் மட்டும் நினைவில் இருக்கிறது.

இப்போது உன் விசயம். இந்தக் கிழமை உங்கள் நாட்டு வரி விளக்கக் குறிப்புகளைக் கணினியில் எடுத்து வாசித்தேன். எனக்கு விளங்கிய மட்டில், போன வருடம் நீ பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்டாயே, கல்யாணத்துக்குப் பிறகு நிவேதா கண்ணாடி மாற்றினாளே, அவையெல்லாம் வைத்தியச் செலவில் சேரும், வேறு இடத்தில் அதற்குக் காசு வாங்கியிராவிட்டால். அந்த ரசீதுகளைத் தேடி எடு. அவற்றை அனுப்பத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் கேட்டால் காட்டுவதற்கு வைத்திருக்கவேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது. கூட்டி வருகிற தொகையை அந்தப் பெட்டிக்குள் எழுது. மிச்சம் மண்டபத்துக்குப் போனது. அதை வருமானத்தில் சேர்த்து, மேலதிகமாக வருகிறதையும் கட்டிவிடு. நான் விளங்கிக்கொண்டதில் பிழை இருந்தால் அங்கே ஒரு வரிக் கணக்காளரிடம் கேட்டுத் திருத்திக்கொள். காசு காணாவிட்டால் சொல். அம்மாவும் நானும் இருக்கிறோம். இது கடன் இல்லை, திருப்பித் தரத் தேவையில்லை.

ஆனால் காசு சின்ன விசயம். படிவத்தை நிரப்ப முன் நிவேதாவோடு இரு. மண்டபக் காசு எங்கேயிருந்து வந்தது என்று சொல். அவளுடைய அப்பாவுக்கு முன்னால் சிறுத்துப் போகாமல் இருக்க நினைத்தேன் என்று சொல். சொல்லும்போது அவள் முகம் மாறும். மாறட்டும். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துதான் நான் ஒரு வருடத்துக்கு மேல் ஒளித்துத் திரிந்தேன். கடைசியில் பார்த்த முகம் அதைவிடப் பாரமாக இருந்தது. அந்தத் தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைக்கிறீர்கள். கையெழுத்து வைப்பவள் வாசித்துவிட்டு வைக்கட்டும்.

இதைத் தமிழில் எழுதுவதற்கு நீ அலுத்துக்கொள்வாய் என்று தெரியும். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது வருடம் கொண்டுபோய் விட்டிருக்கிறேன், மெதுவாக வாசித்தால் உனக்கு ஓடும். நிவேதாவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கே நேரே அனுப்பலாமா என்றும் ஒரு கணம் நினைத்தேன். அது சரியில்லை. இது உன்னுடைய வாயால் அவளுக்குப் போகவேண்டிய செய்தி.

இவ்வளவும் எழுதி முடித்து, இன்று மத்தியானம் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில் இருந்து கடைசி வரை வாசித்தாள். தாள்களை அடுக்கி மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் சரிதான். ஒண்டு மட்டும் உங்களுக்குத் தெரியாது," என்றாள்.

"என்ன?"

"காப்புறுதியை நிப்பாட்டின கடிதத்தை நான் முதலே கண்டனான். கார்த் தாள் ஒண்டு தேடேக்க உங்கட மேசை லாச்சிக்குள்ள கிடந்தது. ஸ்பெஷலிஸ்டிட்டப் போறதுக்கு ரெண்டு நாள் முந்தி."

"அப்ப ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டனான்," என்றாள் அம்மா. "காருக்குள்ள ரெண்டு தரம் கேட்டனான்."

எழுந்து போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டாள். நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். இத்தனை வருடமாக, வரவேற்பு மேசையில் அவள் அவ்வளவு அமைதியாக நின்றது அதிர்ச்சியால் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டு வாசலிலிருந்து அந்தக் கிளினிக் வரைக்கும், அரை மணித்தியாலம், நானாகச் சொல்வதற்கு அவள் எனக்கு வழி விட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நான் டிராஃபிக் என்றேன்.

நிவேதா அண்மையில் உன்னைப் பார்த்து, என்ன யோசிக்கிறாய், ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டிருந்தால், மகன், அந்தக் கேள்வியை இன்னொரு தரம் யோசித்துப் பார். கேட்டிராவிட்டால், அவள் கேட்க முந்தி நீ சொல்லிவிடு.

அப்பா